நாற்பது மீட்டர் ஆழத்தில் மூச்சுக்கருவி மக்கர் செய்தால்...

"மலருக்கு ஏதாவது எழுதுங்கள், ஆனால் கடற்படைப் பெருமை வேண்டாம், நம் பக்கத்து விஷயமாக இருக்கட்டும்" என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நம் பக்கம் என்றால் ஒருபுறம் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, பரம்பிக்குளம். மறுபுறம் குமுளி, வண்டிப்பெரியாறு, போடிமெட்டு. இரண்டு பக்கமும் மலை, சோதனைச்சாவடி, அணை. அணை இருக்கும் இடத்தில் ஆழமான நீர் இருக்கும். ஆழமான நீர் இருந்தால் என்றைக்காவது ஒரு மனிதன் அதன் அடிவரை போயாக வேண்டி வரும். மதகைப் பார்க்கவோ, மூழ்கிப்போன ஒருவரைத் தேடவோ. அப்படிப் போகிறவனின் முதுகிலுள்ள ரெகுலேட்டர் என்ற கருவி பாதி வழியில் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதே இந்தக் கட்டுரை. கொச்சியில் கற்று, கடற்படையில் பல ஆண்டுகள் முக்குளித்து, ஓய்வுக்குப் பின் நார்வேயில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அருகதை உண்டு.

ரெகுலேட்டர் என்றதும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சமையல் எரிவாயு உருளை ஞாபகம் வரும். தவறே இல்லை. இதுவும் அதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான். 1943-இல் பிரான்சில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் காஞான் என்ற பொறியாளரும் சேர்ந்து இந்தக் கருவியை உருவாக்கினார்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காகச் செய்த ஒரு வால்வுதான் இதற்கு மூலம். சிலிண்டருக்குள் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கும். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். இதை நேராக வாய்க்குள் விட முடியுமா? சிலிண்டரின் தலையில் பொருத்தும் முதல் நிலை, அந்த அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடப் பத்துப் பார் அளவுக்கு மட்டும் கூடுதலாகக் குறைக்கும். வாயில் கடித்திருக்கும் இரண்டாம் நிலை, நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைக் கொடுக்கும். நாற்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு. எனவே தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவன் அங்கே 100 லிட்டர் செலவழிக்கிறான். பயந்துவிட்டால் கணக்கு இன்னும் ஏறும்.

காற்று தீர்ந்தால் அல்லது கருவி கெட்டால் மேலே வந்துவிட வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். வண்டிப்பெரியாற்றில் இருக்கும் என் நண்பர் ஒருவரின் மகன் இதையேதான் கேட்டான். அந்தமானில் நான்கு நாள் பயிற்சி முடித்து, பதினெட்டு மீட்டர் வரை போகலாம் என்ற அட்டையோடு வந்தவன். ஊரில் யாராவது தண்ணீரில் விழுந்தால் தேடப் போகும் பையன்களோடு சேர ஆசை. சேவை மனப்பான்மைக்குக் குறைவில்லை.

"மாமா, கோளாறு வந்தா மேல வந்துட்டா முடிஞ்சு போச்சுல்ல?"

"பதினெட்டு மீட்டர்ல கொஞ்ச நேரம் இருந்துட்டு வந்தா சரி தம்பி. நாற்பதுல அரைமணி இருந்துட்டா மேல வர முடியாது. வந்தா அப்பத்தான் ஆரம்பிக்கும்."

அவனுக்குச் சொன்ன விளக்கத்தை இங்கும் சொல்கிறேன். கோலி சோடாவில் வாயு நீரோடு கரைந்து அமைதியாக இருக்கிறது. கோலியை அழுத்தியதும் அழுத்தம் விடுபட்டு நுரைத்துப் பொங்குகிறது. ஆழத்தில் நாம் மூச்சிழுக்கும் காற்றின் நைட்ரஜன் அப்படித்தான் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலே வந்தால் நுரையீரல் வழியே வெளியேறிவிடும். பாய்ந்து வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழியாகும். மூட்டில் குமிழி நின்றால் வலி; தண்டுவடத்தில் நின்றால் கால் விளங்காமல் போகும். ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, படிப்படியாக நின்று நின்று மேலே வரும் அட்டவணையை 1908-இல் வெளியிட்டார். இன்று கைக்கடிகாரம்போல் கட்டிக்கொள்ளும் கணினி அந்த வேலையைச் செய்கிறது. பன்னிரண்டு மீட்டரில் இத்தனை நிமிடம், ஒன்பதில் இத்தனை, ஆறில் இத்தனை என்று அது காட்டும். அந்த நிமிடங்கள் முடியும்வரை தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத கூரை ஒன்று இருப்பதாகவே கொள்ள வேண்டும். வெளிச்சம் தெரியும், படகின் அடிப்பாகம்கூடத் தெரியும், போகக் கூடாது. ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் வந்த இடத்திலேயே சரிசெய்ய வேண்டும். அல்லது சரிசெய்யாமலே சமாளிக்க வேண்டும்.

இனி குளிர். மேகலாயாவிலும் காஷ்மீரிலும் நீர் குளிராக இருக்கும் என்பது வேறு. ரெகுலேட்டருக்குக் குளிர் என்றால் பத்து டிகிரிக்குக் கீழே. ஐரோப்பிய, கனடிய ஏரிகளின் அடியில் வெயில்காலத்திலும் நான்கைந்து டிகிரிதான். உயர் அழுத்தக் காற்று சட்டென்று விரியும்போது குளிரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். எரிவாயு அடுப்பை நெடுநேரம் முழு வேகத்தில் எரித்தால் உருளையின் மேல் வியர்வை பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே திரவம் ஆவியாவதால் குளிர்கிறது. இங்கே காற்று விரிவதால். காரணம் வேறானாலும் விளைவு ஒன்றுதான். சுற்றியுள்ள நீர் வெதுவெதுப்பாக இருந்தால் உலோகத்துக்கு வெப்பம் கொடுத்து ஈடுகட்டிவிடும். நீரே நான்கு டிகிரி என்றால் கொடுப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. முதல் நிலைக்குள் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகிறது. சுருளைச் சுற்றி நீர் இருந்தால் அது பனிக்கட்டியாகி வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் நிலையிலோ நாம் வெளிவிடும் மூச்சின் ஈரமே உறைந்துவிடும். வால்வு திறந்தே நின்றால் காற்று தானாகச் சீறுகிறது. சீறச் சீற இன்னும் குளிர்கிறது. குளிரக் குளிர இறுக உறைகிறது. இந்த வட்டம் தானாக நிற்காது. சிலிண்டர் காலியானால்தான் நிற்கும்.

நார்வேயில் வார விடுமுறைகளில் அங்குள்ள முக்குளிப்போர் குழு ஒன்றுடன் நான் ஏரிகளுக்குப் போவதுண்டு. ஒரு நவம்பர் மாதம், 36 மீட்டரில் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும் நேரம். என்னுடன் வந்தவர் ஆறடி உயர நார்வேக்காரர், என்னைவிட அனுபவசாலி. கணினி எங்களுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் நிறுத்தம் காட்டிக்கொண்டிருந்தது. அவர் உடைக்குள் காற்றை ஏற்றிக்கொண்டே ஆழ்ந்து ஒரு மூச்சும் இழுத்தார். அவ்வளவுதான், அவர் முகத்தைச் சுற்றி வெள்ளைக் குமிழித் திரை. சத்தம் மலையருவிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. அவர் விளக்கை வேகமாக ஆட்டிக் காட்டிவிட்டு, கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கும் இரண்டாவது ரெகுலேட்டரை வாய்க்கு மாற்றினார். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தடித்த கையுறை, மரத்துப்போன விரல். திருகு நழுவியது. நான் பின்னால் போய் அவர் கைமேல் கைவைத்து, இருவருமாக வலதுபக்க வால்வை மூடினோம். இரைச்சல் நின்றது. அழுத்தமானியைப் பார்த்தால் 150-இல் இருந்தது 110 ஆகியிருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போன காற்று கிட்டத்தட்ட ஆயிரம் லிட்டர்.

இதில் வீரம் எதுவும் இல்லை. இரட்டைச் சிலிண்டர், இரண்டு வால்வு, இரண்டு தனித்தனி முதல் நிலை, அவற்றில் ஒவ்வொரு குழாய் என்று முன்யோசனையோடு கட்டிய ஏற்பாடு வேலை செய்தது. ஒரு சிலிண்டரில் ஒரே முதல் நிலையோடு, அதிலேயே இரண்டு வாய்ப்பகுதிகளை மாட்டிக்கொண்டு போயிருந்தால், ஒன்று உறைந்தபோது மற்றதும் போயிருக்கும். பலர் 'எனக்கு இரண்டு ரெகுலேட்டர் இருக்கிறது' என்பார்கள். எத்தனை வாய் என்பது கேள்வியல்ல, எத்தனை தலை என்பதே கேள்வி.

வரிசையைச் சொல்கிறேன். முதலில் மாற்று ரெகுலேட்டர் வாயில். மூச்சு இல்லாதவனால் மற்றதை யோசிக்க முடியாது. உடனே துணைவருக்கு விளக்குச் சைகை. பிறகு சீறும் பக்கத்து வால்வை மூடுவது. எந்தப் பக்கம் சீறுகிறது என்று தெரியாவிட்டால் இரு சிலிண்டர்களையும் இணைக்கும் நடு வால்வை முதலில் மூடினால் பாதிக் காற்றாவது மிஞ்சும். எப்போதுமே நடு வால்வைத்தான் முதலில் மூட வேண்டும் என்று ஒரு கட்சியும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கம் தெரிந்திருக்கையில் நேராக அதை மூடுவதே விரைவு. மூடிய பின் கோளாறான முதல் நிலைக்கு நீரே மெல்ல வெப்பம் கொடுக்கும். சில நிமிடங்கள் கழித்துத் திறந்து பார்த்தால் பல தடவை ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் அதை நம்பிக் கீழே தங்கக் கூடாது. பயணம் அந்தக் கணத்தோடு முடிந்தது; எஞ்சியிருப்பது மேலே வரும் வேலை மட்டும்.

மேலே வரும் வழியில்தான் இன்னொரு சிக்கல். அழுத்தத் தணிப்பை விரைவாக்க ஆக்சிஜன் கூடிய கலவைகளைத் தனிச் சிலிண்டர்களில் விலாப்பக்கம் கட்டிப்போவது வழக்கம். பாதி ஆக்சிஜன் உள்ளதை 21 மீட்டரிலிருந்தும், தூய ஆக்சிஜனை ஆறு மீட்டரிலிருந்தும் சுவாசிக்கலாம். அதற்குக் கீழே சுவாசித்தால் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரலாம். இந்தச் சிலிண்டர்களுக்கு ஆளுக்கு ஒரே ரெகுலேட்டர்தான், மாற்று கிடையாது. அது சீறினால் ஒரு கைவைத்தியம் உண்டு: வால்வைக் கையாலேயே திறந்து ஒரு மூச்சு, மூடி, மீண்டும் திறந்து ஒரு மூச்சு. தையல் மெஷின் மிதிப்பதுபோல் தாளம் பிடித்தால் பத்து இருபது நிமிடம் ஓட்டலாம். கை மரத்த பிறகு இது நடக்கிற காரியமா என்று கேட்டால், பழகியவனுக்கு நடக்கும். முடியாவிட்டால் துணைவரின் ஆக்சிஜனை முறைவைத்துப் பகிர்வது. அதுவும் இல்லையென்றால் முதுகிலுள்ள காற்றிலேயே, கூடுதலான நேரம் நின்று முடிப்பது. அந்தக் கூடுதல் நேரம் எவ்வளவு என்பதைக் கரையிலேயே கணக்கிட்டு, பலகையில் எழுதிக் கையில் கட்டியிருக்க வேண்டும். ஆறு மீட்டரில் நடுங்கிக்கொண்டு மனக்கணக்குப் போட யாராலும் ஆகாது.

கணக்கு என்றதும் இன்னொன்று. நாற்பது மீட்டரில் ஒருவரின் காற்று முற்றிலும் போய்விட்டது, இருவரும் ஒருவர் சிலிண்டரில் 21 மீட்டர்வரை வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் ஆளுக்கு 25 லிட்டர். கீழே நிலைமையைச் சமாளிக்க இரண்டு நிமிடம், ஏற மூன்று நிமிடம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 1,100 லிட்டர். 12 லிட்டர் இரட்டைச் சிலிண்டரில் 46 பார். அதாவது மானி ஐம்பதைத் தொடுவதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும். அந்த ஐம்பது நம்முடையதல்ல, துணைவருடையது.

தேக்கடியில் ரெகுலேட்டர் உறையுமா என்று வாசகர்கள் கேட்கலாம். உறையாது. நம் நீர்த்தேக்கங்களின் அடிநீர் கை மரக்கும் அளவுக்குக் குளிரலாமே தவிர, உலோகம் உறையும் குளிர் இங்கே இல்லை. ஆனால் இங்கே பனிக்கட்டியின் வேலையைச் சேறு செய்கிறது. மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டச் சரிவுகளிலிருந்து கரைந்து வரும் மண் அடியில் மெத்தைபோல் படிந்திருக்கும். ஒரு துடுப்பு பட்டால் கலங்கி, விளக்கொளியே தெரியாது. அந்தப் பொடிமண் இரண்டாம் நிலையின் சவ்வுக்கடியில் புகுந்தால் வால்வு சரியாக மூடாது. அதே சீறல், அதே கணக்கு. பழைய உப்பு படிந்த ரெகுலேட்டரைக் குறைந்த விலைக்கு வாங்கி, பழுது பார்க்காமல் பயன்படுத்தும் பையன்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பெரியாறு ஏரியில் மரங்கள் வேறு. பென்னிகுவிக் 1887-இல் தொடங்கி 1895-இல் முடித்த முல்லைப்பெரியாறு அணை காட்டை அப்படியே மூழ்கடித்தது. அன்று நின்ற மரங்களின் பட்ட கட்டைகள் நூற்று முப்பது ஆண்டுகளாக இன்றும் நீரில் நிற்கின்றன. படகில் போகும் சுற்றுலாப் பயணிகளுக்கு அவை அழகான படம். கீழே போகிறவனுக்கு அவை குழாய் மாட்டும் கொக்கிகள். மேலும், மதகு திறந்திருக்கும்போது அதன் அருகே போகவே கூடாது. உறிஞ்சும் நீர் ஆளை அடைப்பான்போல் இழுத்து ஒட்டிவிடும். அதற்கு எந்த ரெகுலேட்டரும் உதவாது.

யாரும் கவனிக்காத இன்னொரு விஷயம் உயரம். குமுளிப் பக்கம் ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. முல்லைப்பெரியாற்றில் உச்சநீதிமன்றம் 2014-இல் அனுமதித்த 142 அடி என்பது சுமார் 43 மீட்டர். ஆகவே நாற்பது மீட்டர் என்று நான் சொல்வது கற்பனை ஆழமல்ல. அங்கே நாற்பது மீட்டர் போகிறவன், அழுத்தத் தணிப்புக் கணக்கில் கடலில் 43, 44 மீட்டர் போனவனுக்குச் சமம். மூணாறுக்கு மேலே மாட்டுப்பெட்டியில் அது 47, 48 ஆகும். கடல் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு மலை ஏரியில் இறங்கினால் நிறுத்த நேரம் போதாது. சுவிட்சர்லாந்துக்காரரான பூல்மான் தம் நாட்டு மலை ஏரிகளுக்காகவே தனி அட்டவணை செய்து, அதை ஆண்டிஸ் மலையிலுள்ள டிட்டிகாக்கா ஏரிவரை கொண்டுபோய்ச் சோதித்தார். இன்றைய கணினிகள் பெரும்பாலும் உயரத்தைத் தாமே அறியும். பழையவற்றில் நாம்தான் சொல்ல வேண்டும்.

பாலக்காட்டுப் பக்கம் இதற்கு நேர்மாறான ஆபத்து. மலம்புழை தாழ்ந்த இடம். அங்கே காலையில் ஆழமாக முக்குளித்துவிட்டு மாலையில் நெல்லியாம்பதிக்குக் காரில் ஏறினால், உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜனுக்கு அது இன்னொரு கோலியை அழுத்துவதுபோல்தான். ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறுவதும் அப்படியே. அழுத்தத் தணிப்பு தேவைப்பட்ட முக்குளிப்புக்குப் பின் விமானம் ஏறப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேலேயே காத்திருக்கச் சொல்வார்கள். மலைப்பாதை விமானமல்ல என்றாலும், உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

குளிருக்கு வருகிறேன். அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அடியில் இருக்கும்போது உடம்பு சூடாகவும், நிறுத்தங்களில் குளிராகவும் இருந்தவர்களுக்கே குமிழி நோய் அதிகம் வந்தது. மாறாக, கீழே குளிராகவும் மேலே சூடாகவும் இருந்தவர்கள் நன்றாகத் தப்பினார்கள். கீழே வேலை செய்யும் சூட்டில் இரத்தம் ஓடி நைட்ரஜனைச் சேர்க்கிறது; மேலே சும்மா நின்று குளிரில் சுருங்கும்போது அது வெளியேற வழி குறைகிறது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சோதனையில் 'குளிர்' என்று அவர்கள் வைத்த நீர் 27 டிகிரி! நார்வேக்காரன் அதில் குளித்து மகிழ்வான். நம் ஊர்ப் பையன்கள் ஒரு அரைக்கை ரப்பர் சட்டையோடு இறங்கும் நீர் அதைவிடச் சூடு என்று சொல்ல முடியாது.

2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கொச்சியிலிருந்து கடற்படை முக்குளிப்பாளர்கள் மலையேறி வந்து தேடினார்கள். அன்று அவர்கள் இறங்கியது மேலே சொன்ன அத்தனையும் உள்ள நீரில்: சேறு, கட்டைகள், உயரம். அதே நேரம், அணையின் நீருக்கடிச் சுவரைப் பார்க்க எல்லா இடத்திலும் மனிதனை அனுப்ப வேண்டிய காலமும் போய்க்கொண்டிருக்கிறது. உச்சநீதிமன்றம் அமைத்த குழுவுக்காக 2011-இல் முல்லைப்பெரியாற்றில் கம்பியால் இயக்கும் கேமரா வாகனத்தை இறக்கித்தான் ஆராய்ந்தார்கள். இயந்திரத்துக்கு நைட்ரஜன் ஏறாது, நல்லதுதான். பரம்பிக்குளத்தில் 2022 செப்டம்பரில் ஒரு மதகு பிய்த்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள், அணை இரும்புகளை அடிக்கடி பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதை அறிவார்கள். ஆனால் மூழ்கிப்போன குழந்தையைத் தேடித் தாய் கரையில் அழும்போது வாகனம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன்தான் முதலில் குதிக்கிறான்.

அடிபட்டால் எங்கே போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குமிழி நோய்க்கு மருந்து அழுத்த அறை. அது கொச்சியில் கடற்படையிடம் இருக்கிறது. குமுளியிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் பீருமேட்டுப் பக்கம் சற்று ஏறித்தான் இறங்க வேண்டும். வழியெல்லாம் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே, படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும். 'கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்' என்று ஒத்திப்போட்ட இரவுகளில்தான் கால்கள் போயிருக்கின்றன.

நண்பரின் மகனுக்கு நான் வைத்த நிபந்தனை ஒன்றே. முறையான பயிற்சியாளரிடம் மேல்படிப்பு முடிக்கும்வரை பதினெட்டு மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்குள் வால்வு மூடுவதைக் கண்ணை மூடிக்கொண்டு, கையுறையோடு, முப்பது வினாடிக்குள் செய்யப் பழக வேண்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் காலிச் சிலிண்டர்களை முதுகில் கட்டிக்கொண்டு, பின்னால் கையை வளைத்துத் துழாவிக்கொண்டிருக்கிறான். அவன் அம்மா துணி காயப்போட வந்தவர், "என்னடா, முதுகு அரிக்குதா?" என்று கேட்டாராம். போன வாரம் நாற்பத்தோரு வினாடி.